ஜிம்மி சாங்ஸ்டர்

ஜிம்மி சாங்ஸ்டர் (டிசம்பர் 2, 1927 – ஆகஸ்ட் 19, 2011) பிரிட்டனைச் சேர்ந்த திரைக்கதை ஆசிரியர், தயாரிப்பாளர், இயக்குநர், நாவலாசிரியர். ஹாமர் நிறுவனம் தயாரித்த திகில் படங்களின் திரைக்கதைகளுக்காக அறியப்படுபவர். 'தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (ஃபிராங்கன்ஸ்டைனின் சாபம், 1957), 'டிராகுலா' (1958), 'தி மம்மி' (1959) ஆகிய மூன்று படங்களும் பிரிட்டிஷ் திகில் சினிமாவுக்கு உலகச் சந்தையைத் திறந்தன. மூன்றின் திரைக்கதையும் சாங்ஸ்டர் எழுதியது. 1961 முதல் பேய், பூதம் ஏதுமில்லாத உளவியல் திகில் படங்களை எழுதித் தயாரித்தார்.

இப்படங்களில் நடித்த பீட்டர் குஷிங், கிறிஸ்டோபர் லீ ஆகியோரும் இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷரும் பரவலாகப் பேசப்படுகின்றனர். கதையின் அடிப்படை முடிவுகளை எடுத்த சாங்ஸ்டரின் பெயர் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. அவர் இலக்கியத்திலிருந்தோ நாடகத்திலிருந்தோ சினிமாவுக்கு வந்தவர் அல்ல. படப்பிடிப்புத் தளத்தில் உதவி இயக்குநராகவும் தயாரிப்பு நிர்வாகியாகவும் வேலை செய்து, ஒரு காட்சிக்கு எவ்வளவு செலவாகும் என்பதை அறிந்த பிறகு எழுத வந்தவர். குறைந்த பணத்திலும் குறைந்த நாட்களிலும் எடுக்கக்கூடிய கதையைத் தேடியபோது அவர் செய்த மாற்றங்கள் திகில் படத்தின் இலக்கணத்தையே மாற்றின.

பிறப்பு, இளமை

ஜேம்ஸ் ஹென்றி கின்மெல் சாங்ஸ்டர் என்பது முழுப்பெயர். வடக்கு வேல்ஸின் கடற்கரை ஊரான கின்மெல் பே-யில் பிறந்தார். ஊரின் பெயரே அவருடைய பெயரின் ஒரு பகுதியாகவும் அமைந்தது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்திலுள்ள ஈவெல் காசில் பள்ளியில் படித்தார்.

பதின்ம வயதிலேயே படிப்பை விட்டுத் திரைத்துறைக்கு வந்தார். கிளாப் பலகை பிடிப்பது போன்ற சிறு வேலைகளில் தொடங்கி, மூன்றாம் உதவி இயக்குநராகி, இருபது வயதை ஒட்டிய காலத்திலேயே முதன்மை உதவி இயக்குநராக உயர்ந்தார். பிரிட்டிஷ் படப்பிடிப்பு முறையில் முதன்மை உதவி இயக்குநரே தளத்தின் அன்றாட ஓட்டத்துக்குப் பொறுப்பு. எந்தக் காட்சியை எப்போது எடுப்பது, எந்த நடிகரின் கால்ஷீட் எந்த நாளில் முடிகிறது, எந்த செட்டை எப்போது பிரிப்பது என்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சாங்ஸ்டரின் திரைக்கதைப் பயிற்சி இதுவே.

ஹாமர் நிறுவனம்

ஹாமர் நிறுவனம் 1934-ல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான வில்லியம் ஹைண்ட்ஸ் 'வில் ஹாமர்' என்ற மேடைப் பெயரில் நகைச்சுவை நடிகராக இருந்தவர். அப்பெயரே நிறுவனத்துக்கு ஆனது. ஸ்பெயின் நாட்டவரான என்ரிக் காரெராஸ் அவருடைய கூட்டாளி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இவ்விருவரின் மகன்களும் பேரனும் நிறுவனத்தை நடத்தினர். என்ரிக்கின் மகன் ஜேம்ஸ் காரெராஸ் பணம் திரட்டுவதையும் விற்பனையையும் கவனித்தார். வில்லியமின் மகன் ஆண்டனி ஹைண்ட்ஸும் ஜேம்ஸின் மகன் மைக்கேல் காரெராஸும் படங்களைத் தயாரித்தனர்.

பெரிய ஸ்டுடியோக்களை வாடகைக்கு எடுக்கும் வசதி ஹாமருக்கு இல்லை. தேம்ஸ் ஆற்றங்கரையில், வின்ட்சர் நகருக்கு அருகே இருந்த 'டவுன் பிளேஸ்' என்ற பழைய மாளிகையை 1951 முதல் பயன்படுத்தி, அதையே ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டனர். இதுவே பின்னர் பிரே ஸ்டுடியோ என்று புகழ்பெற்றது. மாளிகையின் அறைகளும் மாடிப்படிகளும் செட்டுகளாயின. அருகிலிருந்த ஓக்லி கோர்ட் மாளிகையின் வெளித்தோற்றம் பல படங்களில் காட்டப்பட்டது. கலை இயக்குநர் பெர்னார்ட் ராபின்சன் ஒரே செட்டைச் சிறிது மாற்றி வெவ்வேறு இடங்களாகக் காட்டுவதில் வல்லவர்.

சாங்ஸ்டர் இந்தச் சூழலில் உதவி இயக்குநராகவும் பின்னர் தயாரிப்பு நிர்வாகியாகவும் பல ஆண்டுகள் வேலை செய்தார். பிரேயில் எத்தனை அறைகள் உண்டு, எந்தக் காட்டுப் பகுதிக்கு வண்டி போகும், ஐம்பது துணை நடிகர்களை அழைத்தால் என்ன செலவாகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

எழுத்துக்கு வருதல்

ஜோசப் லோசி இயக்கிய 'எ மேன் ஆன் தி பீச்' (கடற்கரையில் ஒரு மனிதன்) என்ற சுமார் அரைமணி நேரக் குறும்படத்துக்கு எழுதியதே சாங்ஸ்டரின் முதல் திரைக்கதை.

1955-ல் ஹாமர் எடுத்த 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' பெரும் வெற்றி பெற்றது. இது நைஜல் நீல் எழுதிய பிபிசி தொலைக்காட்சித் தொடரைத் தழுவிய படம். அதே வகையில் இன்னொரு படம் எடுக்க நிறுவனம் விரும்பியது. பூமிக்கு அடியிலிருந்து ஆபத்து கிளம்பி வருவதாகக் கதை வைக்கலாம் என்று சாங்ஸ்டர் யோசனை சொன்னார். அதை அவரையே எழுதச் சொன்னார் ஆண்டனி ஹைண்ட்ஸ். பேராசிரியர் குவாட்டர்மாஸ் என்ற தன் பாத்திரத்தைப் பயன்படுத்த நீல் அனுமதி தரவில்லை. எனவே வேறொரு விஞ்ஞானியை நாயகனாக்கி 'எக்ஸ் தி அன்னோன்' (1956) எழுதப்பட்டது. பூமியின் பிளவிலிருந்து வெளிவரும் கதிரியக்கச் சேறு உயிர்களைக் கொல்வதே கதை. படத்தின் பெரும்பகுதியில் அந்தச் சேறு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைப் பார்ப்பவரின் முகம் மட்டுமே காட்டப்படுகிறது. முகத்தைப் படம்பிடிக்கச் செலவு குறைவு.

தலைப்பிலுள்ள 'எக்ஸ்' என்ற எழுத்துக்கும் பொருள் உண்டு. 1951-ல் பிரிட்டிஷ் தணிக்கை அமைப்பு 'எக்ஸ்' சான்றிதழை அறிமுகம் செய்தது. அச்சான்றிதழ் பெற்ற படங்களை 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக்கூடாது. பிற நிறுவனங்கள் இதைக் களங்கமாகக் கருதித் தவிர்க்க முயன்றபோது, ஹாமர் அதையே விளம்பரமாக்கிக்கொண்டது.

ஃபிராங்கன்ஸ்டைன்: அரக்கனிடமிருந்து மனிதனுக்கு

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் 1818-ல் வெளிவந்தது. பிணங்களின் உறுப்புகளிலிருந்து உயிருள்ள ஒன்றைப் படைத்துவிட்டு, அதை ஏற்க மறுக்கும் இளம் விஞ்ஞானியின் கதை அது. 1931-ல் அமெரிக்காவின் யுனிவர்சல் நிறுவனம் இதைப் படமாக்கியது. தட்டையான தலையும் கழுத்தில் உலோக முளைகளுமாக போரிஸ் கார்லாஃப் தோன்றிய அந்தப் படத்துக்குப் பிறகு, 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற பெயரே படைத்தவனை விட்டுப் படைக்கப்பட்டதற்கு உரியதாக மக்கள் மனதில் பதிந்துவிட்டது.

1956-ல் அமெரிக்கரான மில்டன் சுபோட்ஸ்கி எழுதிய ஒரு ஃபிராங்கன்ஸ்டைன் திரைக்கதை ஹாமரிடம் வந்தது. அது பழைய யுனிவர்சல் படங்களை மிகவும் ஒத்திருந்தது. நாவலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் யுனிவர்சல் உருவாக்கிய ஒப்பனையையோ காட்சிகளையோ எடுத்தாண்டால் வழக்கு வரும். புதிதாக எழுதும் பொறுப்பு சாங்ஸ்டரிடம் வந்தது. படத்தின் மொத்தச் செலவு சுமார் 65,000 பவுண்டு. வண்ணப்படம் என்பதால் இந்தத் தொகை இன்னும் இறுக்கமானது.

யுனிவர்சல் படத்தின் புகழ்பெற்ற உச்சக்காட்சியில் ஊர்மக்கள் தீப்பந்தங்களுடன் திரண்டு அரக்கனை விரட்டுகிறார்கள். ஹாமரிடம் அத்தனை துணை நடிகர்களுக்குப் பணமில்லை என்பதைத் தயாரிப்பு நிர்வாகியான சாங்ஸ்டர் அறிவார். ஊரையே கதையிலிருந்து நீக்கினார். எஞ்சியவை ஒரு மாளிகை, ஓர் ஆய்வுக்கூடம், நான்கைந்து மனிதர்கள். இந்தச் சிறிய உலகில் கதையின் எடை இயல்பாகவே அரக்கனிடமிருந்து பிரபு விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் மேல் விழுந்தது.

படம் சிறைக்கொட்டடியில் தொடங்குகிறது. கழுத்து வெட்டப்படக் காத்திருக்கும் விக்டர் ஒரு பாதிரியாரிடம் தன் கதையைச் சொல்கிறார். தன் படைப்புக்கு நல்ல மூளை வேண்டும் என்பதற்காக, வீட்டுக்கு விருந்தினராக வந்த முதிய பேராசிரியரை மாடியிலிருந்து தள்ளிக் கொல்கிறார். தன்னிடம் கர்ப்பமான பணிப்பெண் ஜஸ்டின் நியாயம் கேட்டபோது, அரக்கன் இருக்கும் அறைக்குள் அவள் அகப்பட்டுக்கொள்ளுமாறு செய்து கதவை அடைக்கிறார். மறுநாள் காலை எதுவும் நடக்காதது போல் உணவு மேசையில் அமர்ந்திருக்கிறார். அரக்கன் பரிதாபத்துக்குரிய சேதமடைந்த உடல் மட்டுமே. கொலைகாரன் நன்கு உடுத்திய, படித்த, நாகரிகமான மனிதன்.

முடிவில் அரக்கன் அமிலத்தொட்டியில் விழுந்து கரைந்துபோகிறது. சாட்சி எதுவும் மிஞ்சவில்லை. உண்மையை அறிந்த ஒரே நண்பரும் ஆசிரியருமான பால் கிரெம்பே விக்டருக்காகப் பேச மறுக்கிறார். விக்டர் சொன்னதெல்லாம் உண்மையா, தப்பிக்கச் சொன்ன கட்டுக்கதையா என்று பாதிரியாருக்குத் தெரியாது. சிறையில் தொடங்கிச் சிறையில் முடியும் இந்த அமைப்புக்குத் தேவைப்பட்டது ஒரு சிறிய அறை மட்டுமே.

1957 மே மாதம் வெளியான படத்தைப் பிரிட்டிஷ் விமர்சகர்கள் பலர் கடுமையாகத் தாக்கினர். மக்கள் வரிசையில் நின்று பார்த்தனர். செலவைப் போலப் பல மடங்கு வருவாய் வந்தது. உடனே இரண்டாம் பாகம் கேட்கப்பட்டது. சாங்ஸ்டரோ முதல் படத்தின் முடிவில் விக்டரைக் கொலைக்களத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார். 'தி ரிவெஞ்ச் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1958) படத்தில் விக்டருக்குப் பதிலாகப் பாதிரியாரின் தலை வெட்டப்பட்டதாகக் கதையைத் திருப்பினார். வேறு பெயரில் ஏழைகளுக்கான மருத்துவமனை நடத்தும் விக்டர், அந்த ஏழைகளின் உறுப்புகளையே தன் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார். தொண்டும் சுரண்டலும் ஒரே கையால் நடப்பதைக் காட்டிய இந்தப் படம் முதல் படத்தைவிடக் கூர்மையானது என்று கருதுவோர் உண்டு.

டிராகுலா: கடல் கடக்காத பிரபு

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) கடிதங்களும் நாட்குறிப்புகளுமாக எழுதப்பட்ட நீண்ட நாவல். டிரான்சில்வேனியாவிலிருந்து கப்பலில் இங்கிலாந்து வரும் இரத்தக்காட்டேரி வௌவாலாகவும் ஓநாயாகவும் உருமாறுகிறது. இதை அப்படியே எடுத்தால் கப்பல், துறைமுகம், லண்டன் தெருக்கள், மனநல மருத்துவமனை, பழக்கிய விலங்குகள் எல்லாம் வேண்டும். ஹாமரின் 'டிராகுலா'வுக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 81,000 பவுண்டு. படம் ஓடும் நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு.

சாங்ஸ்டர் செய்த மாற்றங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

- கப்பல் பயணம் இல்லை. முழுக்கதையும் மத்திய ஐரோப்பாவிலேயே, குதிரைவண்டியில் போய்வரும் தொலைவுக்குள் நடக்கிறது.
- உருமாற்றம் இல்லை. காட்டேரிகள் வௌவாலாகும் என்பது வெறும் நம்பிக்கை என்று மருத்துவர் வான் ஹெல்சிங் வாயாலேயே சொல்லவைக்கப்படுகிறது.
- பைத்தியக்கார நோயாளி ரென்ஃபீல்டு இல்லை.
- நாவலில் சொத்து விற்பனைக்காக வரும் வழக்கறிஞர் ஜொனாதன் ஹார்க்கர், படத்தில் நூலகராக வேடமிட்டுக் காட்டேரியைக் கொல்ல வருபவர். அதனால் கதை தொடங்கும்போதே மோதலும் தொடங்கிவிடுகிறது.
- ஆர்தர், மீனா, லூசி ஆகியோர் ஒரே குடும்பத்தினராக்கப்பட்டனர். நாவலில் பல வீடுகளில் நடப்பது படத்தில் ஒரே வீட்டில் நடக்கிறது.

ஒவ்வொன்றும் செலவைக் குறைத்தது. ஒவ்வொன்றும் கதைக்கு இறுக்கமும் தந்தது. உருமாறாத டிராகுலா ஒரு மனிதன். கிறிஸ்டோபர் லீ முதலில் தோன்றும்போது விருந்தினரை வரவேற்கும் பண்புள்ள பிரபுவாக, சாதாரணக் குரலில், விரைவாகப் பேசுகிறார். சிறிது நேரத்துக்குப் பின் அதே முகம் இரத்தம் வழியும் கோரைப்பற்களுடனும் சிவந்த கண்களுடனும் கதவருகே தோன்றுகிறது. வண்ணத்தில் இதைக் கண்ட அக்காலப் பார்வையாளர்களுக்கு அது பெரும் அதிர்ச்சி.

காட்டேரிக்கு இரையானவர்களின் நிலையை வான் ஹெல்சிங் போதைப் பழக்கத்துக்கு ஒப்பிடுகிறார். அவர்கள் அதை வெறுக்கிறார்கள், ஆனாலும் விட முடிவதில்லை. மந்திர தந்திரமாக இருந்ததை நோயாகவும் பழக்கமாகவும் விளக்கும் இந்த அணுகுமுறை பிற்காலக் காட்டேரிப் படங்கள் பலவற்றில் தொடர்ந்தது.

கதையின் கூர்மையான திருப்பம் பிற்பகுதியில் வருகிறது. மீனாவைக் காப்பாற்ற அவளுடைய கணவர் ஆர்தரும் வான் ஹெல்சிங்கும் இரவு முழுதும் வீட்டுக்கு வெளியே காவல் காக்கிறார்கள். டிராகுலா மேலும் மேலும் உள்ளே வந்து போகிறான். எப்படி என்று புரியவில்லை. நிலவறைக்குப் போகக்கூடாது என்று மீனா சொல்லியிருப்பதாகப் பணிப்பெண் தற்செயலாகக் குறிப்பிடும்போதுதான் உண்மை விளங்குகிறது. டிராகுலாவின் சவப்பெட்டி அந்த வீட்டின் நிலவறையிலேயே இருக்கிறது. ஆபத்தைத் தேடி வெளியே நின்றவர்களின் காலடியிலேயே ஆபத்து இருந்தது. இந்தக் கருத்தைச் சாங்ஸ்டர் பின்னர் பல படங்களில் வெவ்வேறு வடிவில் பயன்படுத்தினார்.

மம்மியும் பிற படங்களும்

'டிராகுலா'வின் வெற்றிக்குப் பிறகு யுனிவர்சல் தன் பழைய திகில் கதைகளை ஹாமர் மறுபடியும் எடுக்க வழிவிட்டது. 'தி மம்மி' யுனிவர்சலின் பல மம்மிப் படங்களிலிருந்து பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் எடுத்துக் கோத்த திரைக்கதை. இளவரசி அனன்காவின் கல்லறையைத் திறந்த ஆங்கிலேயத் தொல்லியலாளர்களைப் பழிவாங்க, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் புதைந்திருந்த பூசாரி காரிஸ் எழுந்து வருகிறான்.

இதில் 'கர்னாக்' ஒரு தெய்வத்தின் பெயராக வருகிறது. உண்மையில் கர்னாக் எகிப்தில் பல கோயில்கள் அமைந்த இடத்தின் பெயர். இத்தகைய தகவல் பிழைகளைப் பற்றி அவசரமாக எடுக்கப்பட்ட இப்படங்களில் யாரும் அதிகம் கவலைப்படவில்லை. ஆனால் இதே படத்தில் கவனிக்கத்தக்க ஓர் உரையாடல் உண்டு. எகிப்தியரான மெஹமத் பே, புனிதமானவர்களின் கல்லறைகளைத் தோண்ட உங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வியை ஆங்கிலேயரான ஜான் பானிங்கிடம் எழுப்புகிறார். பானிங் பதிலுக்கு அவருடைய கடவுளை வேண்டுமென்றே இழித்துப் பேசிச் சீண்டுகிறார். கதைப்படி மெஹமத் வில்லன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு நாயகனிடம் நேரான விடை இல்லை என்பது பார்ப்பவருக்குத் தெரிகிறது. சூயஸ் நெருக்கடி முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆன காலத்தில் வந்த படம் இது.

அதே ஆண்டுகளில் ஹாமருக்கு வெளியேயும் சாங்ஸ்டர் நிறைய எழுதினார். தயாரிப்பாளர்கள் ராபர்ட் பேக்கர், மான்டி பெர்மன் ஆகியோருக்காக 'பிளட் ஆஃப் தி வாம்பயர்' (1958), 'ஜாக் தி ரிப்பர்' (1959), 'தி சீஜ் ஆஃப் சிட்னி ஸ்ட்ரீட்' (1960) முதலியவை வந்தன. கடைசியில் குறிப்பிட்டது 1911-ல் லண்டனில் நடந்த துப்பாக்கி முற்றுகையைப் பற்றியது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலாக ஒரு சிறு வேடத்தில் சாங்ஸ்டரே தோன்றினார்.

வீட்டுக்குள் இருக்கும் பயம்

கோட்டை, கல்லறை, காட்டேரி ஆகியவற்றில் சாங்ஸ்டருக்குத் தனிப்பட்ட ஈடுபாடு அதிகம் இருக்கவில்லை. அவர் விரும்பியது வேறு வகைக் கதை. ஹென்றி-ஜார்ஜ் க்ளூசோ இயக்கிய பிரெஞ்சுப் படமான 'லே டியபோலிக்' (1955) அவரிடம் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. செத்தவர் திரும்பி வந்தது போல் நம்பவைத்து ஒருவரைச் சாகடிக்கும் சதி அந்தப் படத்தின் மையம்.

'டேஸ்ட் ஆஃப் ஃபியர்' (அச்சத்தின் சுவை, 1961) இந்த வழியில் அவர் எழுதித் தயாரித்த முதல் படம். இயக்கியவர் செத் ஹோல்ட். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் வாழும் ஓர் இளம்பெண் பல ஆண்டுகளுக்குப் பின் தந்தையின் வீட்டுக்கு வருகிறாள். தந்தை வெளியூர் போயிருப்பதாகச் சிற்றன்னை சொல்கிறாள். அன்றிரவே தந்தையின் பிணம் நாற்காலியில் அமர்ந்திருப்பதை அவள் பார்க்கிறாள். ஆட்களை அழைத்து வரும்போது பிணம் இல்லை. அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, யாராவது அப்படி நம்பவைக்கிறார்களா? கிறிஸ்டோபர் லீ இதில் சந்தேகத்துக்கிடமான மருத்துவராக வருகிறார். டிராகுலாவாக அவரைப் பார்த்துப் பழகிய பார்வையாளர்கள் உடனே அவரைக் குற்றவாளி என்று முடிவு செய்வார்கள். சாங்ஸ்டர் அந்த எதிர்பார்ப்பையே பொறியாக வைத்தார். தான் நடித்த ஹாமர் படங்களில் சிறந்தது இதுவே என்று லீ பிற்காலத்தில் கூறினார்.

இதைத் தொடர்ந்து 'மேனியாக்' (1963), 'பாரனாயக்' (1963), 'நைட்மேர்' (1964), 'ஹிஸ்டீரியா' (1965) ஆகியவை வந்தன. இவற்றில் ஆபத்து வருவது கணவன், அண்ணன், பாதுகாவலர், வீட்டுப் பணியாளர் என்று நம்பிக்கைக்குரியவர்களிடமிருந்து. பெரும்பாலும் காரணம் சொத்து.

இவ்வரிசையின் சிறந்த படமாகப் பலரும் கருதுவது 'தி நானி' (தாதி, 1965). ஈவ்லின் பைப்பரின் நாவலைத் தழுவியது. புகழ்பெற்ற அமெரிக்க நடிகை பெட்டி டேவிஸ் தாதியாக நடித்தார். சாங்ஸ்டர் எழுதித் தயாரிக்க, செத் ஹோல்ட் இயக்கினார். தங்கை குளியல் தொட்டியில் இறந்ததற்குக் காரணமென்று மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்ட பத்து வயதுச் சிறுவன் வீடு திரும்புகிறான். தாதி சமைத்ததைத் தின்ன மறுக்கிறான், அவள் இருக்கும்போது குளிக்க மறுக்கிறான். பெரியவர்கள் யாரும் அவனை நம்புவதில்லை. பிறர் பிள்ளைகளை வளர்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருத்தி, தன் சொந்தப் பிள்ளைக்கு நேர்ந்ததைத் தாங்க முடியாமல் உடைந்துபோன கதை இறுதியில் வெளிப்படுகிறது. அச்சமும் இரக்கமும் ஒரே பாத்திரத்தின் மேல் ஏற்படுவது இப்படத்தின் வலிமை. எட்டு ஆண்டுகளில் சாங்ஸ்டர் பிணங்களின் ஆய்வுக்கூடத்திலிருந்து குழந்தையின் குளியலறைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

பேசாத டிராகுலா

'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' (1966) படத்தின் திரைக்கதையைச் சாங்ஸ்டர் 'ஜான் சான்சம்' என்ற புனைபெயரில் எழுதினார். கிறிஸ்டோபர் லீ மீண்டும் டிராகுலாவாக நடித்த இப்படத்தில் டிராகுலா ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. இதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன. எழுதப்பட்ட வசனங்கள் மோசமாக இருந்ததால் தானே பேச மறுத்ததாக லீ கூறினார். காட்டேரிகள் அரட்டை அடிப்பதில்லை என்பதால் தான் வசனமே எழுதவில்லை என்று சாங்ஸ்டர் கூறினார். எது சரியாயினும், பேசாத டிராகுலா படத்துக்குத் தனியான அச்சத்தைத் தந்தது.

இயக்குநராக

சாங்ஸ்டர் மூன்று படங்களை இயக்கினார். மூன்றிலும் ரால்ஃப் பேட்ஸ் நடித்தார்.

1957-ன் ஃபிராங்கன்ஸ்டைன் கதையை மறுபடி எழுதித் தரக் கேட்டபோது, இயக்கும் வாய்ப்பும் தந்தால் ஒப்புக்கொள்வதாகச் சொல்லி 'தி ஹாரர் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1970) படத்தை எடுத்தார். தன் பழைய கதையையே கேலிக்கதையாக மாற்றினார். இதில் அரக்கனாக வந்த டேவிட் பிரவுஸ் பின்னர் 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் டார்த் வேடர் உருவத்தில் நடித்தவர்.

'லஸ்ட் ஃபார் எ வாம்பயர்' (1971) டெரன்ஸ் ஃபிஷர் இயக்க வேண்டிய படம். கடைசி நேரத்தில் சாங்ஸ்டரிடம் வந்தது. அவருடைய விருப்பமின்றி ஒரு காதல் பாடல் படத்தில் சேர்க்கப்பட்டது. இப்படம் அவருக்கு நிறைவளிக்கவில்லை.

'ஃபியர் இன் தி நைட்' (1972) உளவியல் திகில் வரிசையைச் சேர்ந்தது. மாணவர்களே இல்லாத ஓர் உறைவிடப் பள்ளியில் கதை நடக்கிறது. தலைமையாசிரியராக பீட்டர் குஷிங் நடித்தார். காலி வகுப்பறைகளில் பழைய மாணவர்களின் குரல்களை ஒலிநாடாவில் ஓடவிட்டு, பள்ளி இன்னும் நடப்பதாக எண்ணி வாழ்கிறார் அவர். ஆள் இல்லாத அறையிலிருந்து பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் ஓசை வருவது, செலவில்லாமல் அச்சமும் துயரமும் தரும் சாங்ஸ்டரின் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

அமெரிக்காவில்: ராட்சசன் கதை

1970-களில் சாங்ஸ்டர் அமெரிக்காவுக்குச் சென்று தொலைக்காட்சிக்கு எழுதினார். 'பனாசெக்', 'கேனன்', 'ஐரன்சைட்' போன்ற துப்பறியும் தொடர்களில் அவருடைய பங்கு உண்டு.

இவற்றில் இந்திய வாசகர்களுக்கு ஆர்வமூட்டுவது 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' தொடருக்காக எழுதிய 'ஹாரர் இன் தி ஹைட்ஸ்' என்ற பகுதி. 1974 டிசம்பரில் ஒளிபரப்பானது. சிகாகோவில் யூத முதியவர்கள் வாழும் பகுதியில் தொடர் மரணங்கள் நிகழ்கின்றன. சுவர்களில் ஸ்வஸ்திக் குறிகள் காணப்படுவதால் நாஜி வெறியர்களின் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள. உண்மையில் அவற்றை வரைந்தவர் ஒரு முதிய இந்து. அவை காப்புக் குறிகள். கொல்வது ஒரு ராட்சசன். இரையாகப்போகிறவர் யாரை மிகவும் நம்புகிறாரோ அவருடைய உருவத்தில் அது நெருங்கி வரும்.

மாரீசன் பொன்மானாக வந்ததையும் இராவணன் துறவியாக வந்ததையும் அறிந்தவர்களுக்கு உருமாறும் அரக்கர் புதிதல்ல. 1958-ல் டிராகுலாவிடமிருந்து உருமாற்றத்தைப் பறித்த அதே எழுத்தாளர் இங்கே அதைத் திருப்பித் தந்தார். வௌவாலாக மாறுவதைப் படமாக்கப் பணம் வேண்டும். தெரிந்த ஒருவரின் முகத்தோடு வருவதற்கு அந்த நடிகர் நடந்து வந்தால் போதும். முதியவர்களின் தனிமையையும், ஒரே குறி ஒரு சமூகத்துக்கு மங்கலமாகவும் இன்னொரு சமூகத்துக்குக் கொடிய நினைவாகவும் இருப்பதையும் இக்கதை தொடுகிறது. அத்தொடரின் சிறந்த பகுதிகளில் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது.

நாவல்களும் தன்வரலாறும்

1960-களின் இறுதியில் சாங்ஸ்டர் உளவு நாவல்கள் எழுதினார். 'பிரைவேட் ஐ' (1967), 'ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்' (1968) ஆகியவை தொலைக்காட்சிப் படங்களாயின. விமானப் பணிப்பெண்ணாக இருந்துகொண்டு உளவு பார்க்கும் கேட்டி டச்ஃபெதரை நாயகியாக்கி 'டச்ஃபெதர்' (1968), 'டச்ஃபெதர் டூ' (1970) என்ற இரு நாவல்களை எழுதினார்.

அவருடைய தன்வரலாறு 1997-ல் வெளிவந்தது. 'டூ யூ வான்ட் இட் குட் ஆர் டியூஸ்டே?' என்பது அதன் பெயர். 'நன்றாக வேண்டுமா, செவ்வாய்க்கிழமை வேண்டுமா?' என்று பொருள். தயாரிப்பாளர் அவசரப்படுத்தும்போது எழுத்தாளன் கேட்கும் கேள்வி இது. ஹாமர் அனுபவங்களை மட்டும் விரித்து எழுதிய 'இன்சைட் ஹாமர்' 2001-ல் வந்தது. இரு நூல்களிலும் தன்னைக் கலைஞனாகக் காட்டிக்கொள்ளாமல், கேட்டதை நேரத்துக்கு முடித்துக் கொடுத்த தொழிலாளியாகவே காட்டிக்கொள்கிறார்.

குறைகள்

சாங்ஸ்டரின் எழுத்தில் தெளிவான குறைகளும் உண்டு. உளவியல் திகில் படங்களில், ஒரு பெண்ணைப் பைத்தியம் என்று நம்பவைக்கும் சதி திரும்பத் திரும்ப வருகிறது. நான்கைந்து படங்களைப் பார்த்தவர் அடுத்த படத்தின் திருப்பத்தை முன்பே ஊகித்துவிடலாம். ஹாங்காங்கில் நடப்பதாக எழுதிய 'தி டெரர் ஆஃப் தி டாங்ஸ்' (1961) சீனர்களைக் கொடூரர்களாகச் சித்திரித்தது. அதில் முதன்மைச் சீனப் பாத்திரத்தில் ஒப்பனையிட்ட கிறிஸ்டோபர் லீ நடித்தார். இந்த வழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்தது என்றாலும் இன்று ஏற்கத்தக்கதல்ல. அமெரிக்கக் காலத்தில் எழுதிய பெரும்பாலானவை தொடர்களின் வாராந்தரத் தேவையை நிறைவேற்றியதற்கு மேல் நினைவில் நிற்பவை அல்ல.

மறைவு

பிற்காலத்தில் சாங்ஸ்டர் லண்டனில் வாழ்ந்தார். நடிகை மேரி பீச் அவருடைய மனைவி. ஆகஸ்ட் 19, 2011 அன்று தன் 83-ஆம் வயதில் காலமானார்.

திரை வரலாற்றில் இடம்

1957-க்கு முன் திரையில் தீமை என்பது பெரும்பாலும் பார்த்தவுடனே அடையாளம் தெரிவதாக இருந்தது. சாங்ஸ்டரின் திரைக்கதைகள் அந்த அடையாளத்தை அழித்தன. அவருடைய பிரபு ஃபிராங்கன்ஸ்டைன் படித்தவர், டிராகுலா நல்ல விருந்தோம்பி, தாதி அன்பானவள். ஹாமரின் வெற்றியைப் பார்த்து அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 1960 முதல் வண்ணத் திகில் படங்கள் பெருகின. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆபத்து என்ற கரு பிற்காலத் திகில் படங்களின் பொதுச்சொத்தானது.

இவற்றையெல்லாம் திட்டமிட்டுச் செய்ததாகச் சாங்ஸ்டர் கூறிக்கொண்டதில்லை. ஊர்க்கூட்டத்துக்குப் பணம் இல்லாததால் ஊரை நீக்கினார், கப்பலுக்கு வழியில்லாததால் கடலை நீக்கினார். ஒவ்வொன்றாக நீக்கிய பிறகு ஓர் அறையும் இரண்டு மனிதர்களும் எஞ்சினர். எதை விட்டுவிடலாம் என்று கண்டறிவது எழுத்தாளரின் முதன்மையான திறமைகளில் ஒன்று என்பதற்குத் திரைக்கதை பயிலும் மாணவர்கள் இவருடைய 'டிராகுலா'வை நாவலுடன் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முக்கியமான திரைப்படங்கள்

திரைக்கதை

- எக்ஸ் தி அன்னோன் (1956)
- தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன் (1957)
- டிராகுலா (1958)
- தி ரிவெஞ்ச் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன் (1958)
- தி மம்மி (1959)
- தி பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா (1960, பிறருடன் இணைந்து)
- டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ் (1966, ஜான் சான்சம் என்ற பெயரில்)

திரைக்கதை, தயாரிப்பு

- டேஸ்ட் ஆஃப் ஃபியர் (1961)
- மேனியாக் (1963)
- நைட்மேர் (1964)
- ஹிஸ்டீரியா (1965)
- தி நானி (1965)
- தி ஆனிவர்சரி (1968)

இயக்கம்

- தி ஹாரர் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன் (1970)
- லஸ்ட் ஃபார் எ வாம்பயர் (1971)
- ஃபியர் இன் தி நைட் (1972)